எந்த பிளாஸ்டிக்கில் எதை ஊற்றலாம்? சித்தியின் இரண்டு நீல டிரம்களும் கிழிந்த ஸ்டிக்கரும்

புளிக்குழம்பை ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் வைத்தால் களிம்பேறிவிடும் என்று நம் பாட்டிகளுக்கு யாரும் வேதியியல் வகுப்பு எடுக்கவில்லை. ஆனாலும் தெரிந்திருந்தது. ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி, ரசத்துக்கு ஈயச் சொம்பு, குடிதண்ணீருக்கு மண் பானை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாத்திரம். எதில் எதை வைக்கலாம் என்பதைவிட, எதில் எதை வைக்கவே கூடாது என்பது இன்னும் நன்றாகத் தெரிந்திருந்தது.

பிளாஸ்டிக் வந்த பிறகு அந்தக் கணக்கு நம் கையை விட்டுப் போய்விட்டது. குடம், கேன், டிரம், மொட்டை மாடி டேங்க் எல்லாமே நமக்கு ஒரே வார்த்தைதான்: பிளாஸ்டிக். பித்தளை, செம்பு, ஈயம், இரும்பு எல்லாவற்றையும் வெறும் 'உலோகம்' என்று சொல்லிவிட்டு, கைக்குக் கிடைத்ததில் ரசத்தை ஊற்றுவது மாதிரிதான் இது. சித்தி வீட்டுக்கு டிரம் வாங்கப் போனபோதுதான் இந்த விஷயம் எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரிந்தது.

மூன்று தேவை, ஒரு பட்ஜெட்

சித்தி வீடு மானாமதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. மண்பாண்டத்துக்குப் பெயர் போன ஊர். அங்கேயும் இப்போது வாசலுக்கு வாசல் நீல டிரம்தான். சித்தி இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவில் பாத்திரம் கழுவும் திரவம், ஃபினாயில் எல்லாம் தயாரித்து விற்கிறார்கள். ஆர்டர் கூடியதால் குழுவில் கடன் வாங்கி, ஒரு பெரிய டிரம் வாங்கலாம் என்று முடிவு. வீட்டிலும் இரண்டு தேவை. நாள் விட்டு நாள் வரும் குடிநீரைப் பிடித்து வைக்க ஒரு டிரம். மாடியில் விரிசல் விட்டுக் கசியும் டேங்குக்குப் பதில் புது டேங்க்.

வீட்டில் ஒரு குழந்தையும் இருக்கிறது. சித்தியின் பேத்திக்கு எட்டு மாதம். இப்போதுதான் கஞ்சியும் தண்ணீரும் குடிக்கப் பழகுகிறாள்.

சித்தியின் திட்டம் எளிமையானது. பழைய டிரம் விற்கும் கடையில் ஒரே மாதிரி இரண்டு நீல டிரம் எடுப்பது. ஒன்று சோப்புத் திரவத்துக்கு, ஒன்று குடிநீருக்கு. புது டிரம் விலையில் பாதிக்கும் கீழேதான் ஆகும். மிச்சப்படும் பணத்தில் மாடிக்கு 1,000 லிட்டர் டேங்க். லீவில் போயிருந்த என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

'2' என்ன சொல்கிறது, என்ன சொல்லாது?

மதுரை போகும் வழியில் அந்தக் கடை. நீல டிரம்கள் மூன்று அடுக்காக நின்றன. உள்ளே கழுவி, வெளியே துடைத்துப் பளிச்சென்று இருந்தன.

"இதுல முன்னாடி என்ன இருந்துச்சு தம்பி?" என்று கேட்டார் சித்தி.

"எல்லாம் ஃபுட் கிரேடுதான்க்கா. கீழ பாருங்க, 2னு போட்டிருக்கு."

அடியில் அம்புக்குறி முக்கோணமும், அதற்குள் 2 என்ற எண்ணும் இருந்தது உண்மைதான். 2 என்றால் ஹெச்.டி.பி.இ. அதாவது அடர்த்தி அதிகமுள்ள பாலிஎத்திலின். 1 என்பது பெட், தண்ணீர் பாட்டில் வகை. 3 பி.வி.சி. 4 அடர்த்தி குறைந்த பாலிஎத்திலின். 5 பாலிபுரொப்பிலீன். 6 பாலிஸ்டைரீன். 7 என்றால் மற்றவை. 1988-ல் அமெரிக்காவில் குப்பையைத் தரம் பிரிப்பதற்காகக் கொண்டுவந்த எண்கள் இவை. 'இது என்ன பிளாஸ்டிக்' என்று மட்டும்தான் இந்த எண் சொல்லும். 'இதில் என்ன இருந்தது' என்று சொல்லாது. உணவுக்கு ஏற்றதா என்பதற்கும் அது உத்தரவாதம் கிடையாது. பால் கேனிலும் 2 இருக்கும், ஆசிட் கேனிலும் 2 இருக்கும்.

சித்தி டிரம்மைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பக்கவாட்டில் சுரண்டி எடுத்த ஸ்டிக்கரின் தடம். சாய்சதுர வடிவ ஸ்டிக்கரில் கீழ் மூலை மட்டும் மிச்சம். அந்த மூலையில் 6 என்ற எண்.

எனக்கு அதைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. ரசாயனங்களைக் கொண்டுபோகும் டிரம்களிலும் லாரிகளிலும் ஒட்டப்படும் சாய்சதுர எச்சரிக்கைப் பட்டை அது. ஐ.நா. வகுத்த முறை என்பதால் உலகம் முழுக்க ஒரே எண்தான். கீழ் மூலையில் 3 என்றால் எளிதில் தீப்பற்றும் திரவம். 8 என்றால் அரிக்கும் பொருள். 6 என்றால் நச்சுப் பொருள் அல்லது நோய்த்தொற்று உண்டாக்கும் பொருள். முக்கோணத்துக்குள் இருக்கும் 6 பாலிஸ்டைரீன். சாய்சதுரத்தில் இருக்கும் 6 விஷம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

"சோடா உப்பு போட்டு நாலு தடவ அலசினா எல்லாம் போயிரும்க்கா" என்றார் கடைக்காரர்.

ஏன் கழுவினாலும் போகாது?

அங்கிருந்தே போட்டோ எடுத்து என் பள்ளித் தோழிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவள் கிண்டி சிப்பெட்டில் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் படித்தவள். ஐந்து நிமிடத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "வேணாம்டி. தண்ணிக்கு இல்ல, எதுக்குமே வேணாம்" என்று ஆரம்பித்து அவள் சொன்ன விளக்கம், எல்லோர் வீட்டிலும் பார்க்கக்கூடிய ஒன்று.

சாம்பார் எடுத்துப்போன டிபன் டப்பாவில் மஞ்சள் கறை பிடிக்கும். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் போகாது. ஏனென்றால் மஞ்சளின் நிறம் எண்ணெயில் கரைந்து பிளாஸ்டிக்கின் உள்ளேயே இறங்கிவிட்டது. மண்ணெண்ணெய் வைத்திருந்த கேன் வருடக்கணக்கில் வாசனை அடிப்பதும் இதே காரணத்தால்தான்.

பாலிஎத்திலின் என்பது அடிப்படையில் மெழுகுக்கு நெருங்கிய சொந்தம். இரண்டும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சங்கிலிகள். தண்ணீர் அதில் ஒட்டாது. தண்ணீரில் கரைந்த உப்பு, பல அமிலங்கள் எல்லாம் பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடும். ஆனால் எண்ணெய்க் குணமுள்ளவை, அதாவது தின்னர், மண்ணெண்ணெய், பல பூச்சிமருந்துகள் எல்லாம் அந்தச் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து சுவருக்குள் உட்கார்ந்துகொள்ளும். நாம் கழுவுவது மேற்பரப்பை. உள்ளே போனது பிறகு நாம் ஊற்றும் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும்.

இதனால்தான் பூச்சிமருந்து டப்பாக்களை மறுபடி பயன்படுத்தவே முடியாதபடி உடைத்து, குடியிருப்புகளைத் தாண்டிப் புதைக்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. நம் கிராமங்களில் அவற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகிறவர்களை இன்றும் பார்க்கலாம்.

சித்தப்பாவின் கேள்வி

வெறுங்கையோடு திரும்பிய எங்களைப் பார்த்து சித்தப்பாவுக்குக் கோபம். "மாட்டுக்கு அஞ்சு வருஷமா அந்தக் கடை டிரம்லதான் தண்ணி காட்டுறேன். மாடு நல்லாத்தான இருக்கு? இதுக்குப் போயி ரெண்டு மடங்கு காச கொட்டணுமா?"

அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. எல்லாப் பழைய டிரம்மும் விஷம் இல்லை. குளுக்கோஸ் சிரப் வந்த டிரம்மும் இதே நீல நிறத்தில்தான் வரும். லேபிள் கிழியாமல் இருந்து, உள்ளே இருந்தது உணவுப் பொருள்தான் என்று தெரிந்தால் அது வேறு கதை. ஆனால் கடையில் எல்லா டிரம்மும் ஒரே அடுக்கில் நிற்கின்றன. எது சிரப், எது விஷம் என்று கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் எப்போதும் தெரியாது. லேபிளைச் சுரண்டிய டிரம்மை வாங்குவது, பெயர் கிழிந்த மருந்துப் பாட்டிலில் இருந்து மருந்து குடிப்பது மாதிரி.

இதையெல்லாம் நான் சொல்வதற்கு முன்பே சித்தி பதில் சொல்லிவிட்டார்: "மாடு வாயத் தொறந்து வயித்த வலிக்குதுன்னு சொல்லவா போகுது? பிள்ள குடிக்கிற தண்ணிங்க."

அதற்கு மேல் சித்தப்பா பேசவில்லை. பட்ஜெட்டை மறுபடி போட உட்கார்ந்தோம்.

மாடி டேங்க்: லேயரைவிட எடை முக்கியம்

எந்த கம்பெனி டேங்க்காக இருந்தாலும் 'சின்டெக்ஸ்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 1970-களில் குஜராத்தின் கலோலில் ஒரு துணி ஆலையின் பிளாஸ்டிக் பிரிவில் இருந்து வந்த பெயர் அது. இந்த வகை டேங்க்குகள் இன்று பெரும்பாலும் எல்.எல்.டி.பி.இ என்ற பாலிஎத்திலினில் தயாராகின்றன.

ஹெச்.டி.பி.இ-க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? விறகுக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நேரான குச்சிகளைக் கட்டினால் நெருக்கமாக, கெட்டியாக நிற்கும். அது ஹெச்.டி.பி.இ. கருவேல முள்ளைக் கட்டினால் இடைவெளி விட்டுத் துருத்திக்கொண்டு, அமுக்கினால் அமுங்கும். அது 4-ஆம் எண் மென்மையான எல்.டி.பி.இ. சிறு சிறு கணுக்கள் மட்டும் விட்ட குச்சிகள் என்றால் ஓரளவு நெருங்கியும் இருக்கும், வளைந்தும் கொடுக்கும். அதுதான் எல்.எல்.டி.பி.இ. வெயிலில் விரிந்து, இரவில் சுருங்கி, தண்ணீர் ஏறி இறங்கும்போது உப்பி அடங்கும் மாடி டேங்க்குக்கு இந்த வளையும் தன்மை வேண்டும்.

பாலிஎத்திலின் பொடியை அச்சுக்குள் போட்டு, அடுப்பில் சூடாக்கியபடியே அச்சை இரண்டு திசையில் சுழற்றுவார்கள். பொடி உருகி உள்சுவர் முழுக்க ஒட்டி, ஒட்டுப்போடாத ஒரே பாத்திரமாக வெளியே வரும். பொடி குறைந்தால் சுவர் மெலியும். அதனால் கடையில் 'த்ரீ லேயர், ஃபோர் லேயர்' என்று சொன்னால் தலையாட்டிவிட்டு, டேங்க்கின் எடை என்ன என்று கேளுங்கள். ஒரே கொள்ளளவுள்ள இரண்டு டேங்க்குகளில் ஒன்று ரொம்ப லேசாக இருந்தால், விலை ஏன் குறைவு என்பதற்கு அதுதான் பதில்.

இந்த டேங்க்குகளுக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ் 12701. டேங்க்கில் ஐ.எஸ்.ஐ முத்திரையின் மேலே இந்த எண்ணும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ் கேர் ஆப்பில் அந்த உரிம எண்ணைப் போட்டால், அது எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுக்கப்பட்டது என்று தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். நாங்கள் பார்த்தோம்.

வெளிப்பக்கம் வெளிச்சம் புகாத நிறமாக இருப்பது நல்லது. வெளிச்சம் உள்ளே போனால் பாசி பிடிக்கும். கறுப்பு டேங்க்குகளில் சேர்க்கும் கார்பன் பொடி, வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்காமலும் காக்கிறது. உள்பக்கம் வெள்ளையாக இருந்தால் அழுக்கு கண்ணில் படும்.

இன்னொன்று, டேங்க் உட்காரும் இடம். 500 லிட்டர் தண்ணீர் என்றால் அரை டன் எடை. நாலு செங்கல் மேல் நிறுத்தினால் அந்த நாலு இடத்தில்தான் மொத்தப் பாரமும் இறங்கும். சித்தி வீட்டுப் பழைய டேங்க் அப்படித்தான் நின்றது, அடியில்தான் விரிசல் விட்டிருந்தது. இந்த முறை மேஸ்திரியை அழைத்து, முழு அடிப்பாகமும் பதியும்படி சமதளமாக மேடை போட்டோம்.

சோப்புக்கு வேறு கணக்கு

சோப்புத் திரவம்தானே, விரிசல் விட்ட பழைய டேங்க்கையே ஒட்டுப்போட்டு வைத்துக்கொள்ளலாமே என்று குழுவில் ஒரு யோசனை வந்தது. தோழி சொன்ன பதிலைக் கேட்டு எல்லோருக்கும் ஆச்சரியம்: பாலிஎத்திலினுக்குச் சோப்பு ஆகாது.

சோப்பு அதைக் கரைக்காது. ஆனால் ஏற்கெனவே இழுபட்டோ வளைந்தோ முறுக்கிவிடப்பட்டோ இருக்கும் இடத்தில், அடர்த்தியான டிடெர்ஜென்ட் மெல்ல மெல்ல விரிசலை வளர்க்கும். பிளாஸ்டிக்கின் தரத்தைச் சோதிக்கும் கூடங்களிலேயே, வளைத்து வைத்த துண்டை டிடெர்ஜென்ட் கரைசலில் ஊறவைத்து எத்தனை நேரம் தாங்குகிறது என்று பார்ப்பது ஒரு வழக்கமான சோதனை.

அதனால் சோப்புத் திரவத்துக்கு என்றே தாங்கும் தரத்தில் செய்த புது ஹெச்.டி.பி.இ டிரம் வேண்டும். அதன் அடியில் துளை போட்டு டேப் முறுக்கக் கூடாது. துளை போட்ட இடம்தான் முதலில் வாய் பிளக்கும். மேலிருந்து கை பம்ப் வைத்து எடுத்துக்கொள்ளலாம். சித்தியின் குழு இப்போது அப்படித்தான் செய்கிறது. ஃபினாயிலுக்கு வாங்கும் பைன் ஆயில் எண்ணெய்க் குணமுள்ளது, பாலிஎத்திலினுக்குள் இறங்கும். அது வந்த கேனிலேயே இருக்கட்டும் என்றும் முடிவானது.

ப்ளீச்சிங் திரவமும் ஆசிட்டும்

குழுவில் வாங்கி விற்கும் இன்னொரு பொருள் ப்ளீச்சிங் திரவம், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட். இது சும்மா இருந்தாலே மெல்லச் சிதைந்து ஆக்ஸிஜனை வெளியிடும். வெயிலும் சூடும் பட்டால் வேகமாகச் சிதையும். இறுக மூடிய கேன் உப்பிக்கொள்வது அதனால்தான். காற்று வெளியேறும் மூடி போட்ட, வெளிச்சம் புகாத கேனில், நிழலில் வைக்க வேண்டும். உலோகப் பாத்திரம் கூடாது.

இதைவிட முக்கியமானது: ஆசிட் இருந்த கேனில் ப்ளீச்சிங் திரவத்தை ஊற்றவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது உயிரையே எடுக்கலாம். கேனை மாற்றி ஊற்றும் பழக்கம் உள்ள எல்லா வீடுகளுக்கும் இது பொருந்தும்.

தண்ணீருக்கு என்று செய்த டேங்க்கில் கனமான ரசாயனத்தையும் நிரப்பக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்றால், அடர் கந்தக அமிலம் ஒரு லிட்டர் 1.84 கிலோ. சுவர் தாங்குமா என்பது அதற்கென்று வடிவமைத்தால்தான் தெரியும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

• இதில் எதை ஊற்றப் போகிறோம்? குடிக்கவா, கழுவவா, செடிக்கா?

• இதற்கு முன் இதில் ஏதாவது இருந்ததா? பதில் உறுதியாகத் தெரியாவிட்டால் குடிநீருக்கும் சமையலுக்கும் வேண்டாம்.

• குடிநீர், உணவு என்றால், உணவுடன் பயன்படுத்த ஏற்ற பாலிஎத்திலினுக்கான ஐ.எஸ் 10146 தரத்தில் செய்ததா?

• சூடாக ஊற்றுவோமா? ஹெச்.டி.பி.இ, எல்.எல்.டி.பி.இ இரண்டும் சூட்டில் இளகும். கொதிக்கக் கொதிக்க ஊற்ற ஸ்டீல்தான் நல்லது.

• வெயிலில் நிற்குமா, நிழலிலா? வெளிச்சம் புகும் வெள்ளைக் கேனை வெயிலில் வைத்தால் பாசி நிச்சயம்.

• மூடி சரியாகப் பொருந்துகிறதா? டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, சேமித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

கடைசிக் கணக்கு

சித்தி வீட்டில் 1,000 லிட்டர் டேங்க்குக்குப் பதில் 500 லிட்டர்தான் வந்தது. காலையில் மோட்டார் போடுவது போதாமல், மாலையிலும் ஒருமுறை போட வேண்டியிருக்கிறது. குழுக் கடன் அடைவதற்கு இரண்டு தவணை கூடியிருக்கிறது. சித்தப்பா இன்னமும் அதைச் சொல்லிக்காட்டுகிறார். ஆனால் வண்டியில் இருந்து குடிநீர் டிரம்மை இறக்கியதும், பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக முதலில் வந்து நின்றவர் அவர்தான். ஒன்றில் 'குடிக்க' என்றும், இன்னொன்றில் 'சோப்பு' என்றும் பெரிய எழுத்தில் எழுதினார். நாளைக்கு இந்த டிரம்கள் யார் கைக்குப் போனாலும், உள்ளே என்ன இருந்தது என்று தெரிய வேண்டும் அல்லவா?

எனக்குள் இன்னும் உறுத்துவது ஒன்றுதான். மூலையில் 6 இருந்த அந்த டிரம்மை நாங்கள் வாங்கவில்லை, அவ்வளவுதான். கடைக்காரர் அதைத் தூக்கி, மறுபடி அதே அடுக்கில் வைத்தார். எங்களுக்குப் பிறகு வந்தவர்களும் 'இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?' என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கிழிந்த மூலை அப்போதும் அதில் இருந்ததா என்று தெரியவில்லை.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பழைய நீல டிரம்மில் குடிநீர் பிடித்து வைத்திருந்தால், இன்றைக்கு ஒருமுறை அதைச் சுற்றிப் பாருங்கள். எங்கே வாங்கியது, உள்ளே என்ன இருந்தது என்று வீட்டில் கேளுங்கள். யாருக்கும் தெரியவில்லை என்றால், அந்தத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.